இரத்தத்தின் கடன்: உயிர்த்த ஞாயிறு தாக்குதலும் அரசு செலுத்த வேண்டிய நட்டஈடும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

ஃபிக்ஹு வகுப்பில் 'தியத்' பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு நூறு ஒட்டகங்களை, அல்லது அவற்றின் பெறுமதியைச் செலுத்த வேண்டும். அந்தச் சுமையை அவர் தனியாகச் சுமக்காமல் 'ஆகிலா' எனப்படும் அவருடைய தந்தைவழி உறவினர் பகிர்ந்து சுமக்க வேண்டும் என்று விளக்கினேன். வேண்டுமென்றே செய்த கொலையாயின் பொறுப்பு முழுவதும் கொன்றவன் மீதே விழும் என்றும் சொன்னேன். பின் வரிசையிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்தார்.

"உஸ்தாத், கொன்றவனும் அதே இடத்தில் மௌத்தாகிவிட்டால், அந்தக் குடும்பங்களுக்கு யார் கொடுப்பது?"

அவர் எந்த ஊரின் பெயரையும் சொல்லவில்லை. எந்த ஆண்டையும் குறிப்பிடவில்லை. ஆயினும் வகுப்பு முழுவதும் தலைகுனிந்தது. அவர் எதைக் கேட்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "பைத்துல்மால்" என்று ஒரே சொல்லில் பதிலளித்துவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றேன். அந்தப் பதில் பிழையன்று. ஆனால் போதுமானதும் அன்று. அவருக்கு நான் தர வேண்டியிருந்த முழுமையான பதிலே இக்கட்டுரை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2019 ஏப்ரல் 21. கிறிஸ்தவர்கள் உயிர்த்த ஞாயிறு என்று கொண்டாடும் நாள். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று வணக்கத்தலங்களிலும், கொழும்பின் மூன்று பெரிய விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 500க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மட்டக்களப்பில் மாண்டவர்களுள் ஞாயிறு வகுப்பை முடித்துவிட்டு வந்த சிறு பிள்ளைகளும் இருந்தனர்.

இதைச் செய்தவர்கள் நம்முடைய பெயர்களைச் சூடியிருந்தார்கள். அவர்களுடைய தலைவன் காத்தான்குடியில் பிறந்தவன். இந்த உண்மையை நாம் மறைக்கவும் வேண்டாம், திரிக்கவும் வேண்டாம். அதேவேளை அதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய வேறு உண்மைகளும் உள்ளன. 2017ஆம் ஆண்டு காத்தான்குடியில் சூஃபி வழி முஸ்லிம்கள் மீது அவனுடைய குழு வன்முறையில் இறங்கியபோது, பொலிஸாரிடம் முறையிட்டவர்கள் முஸ்லிம்களே. 2019 மார்ச்சில் மாவனல்லையில் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்கானவர், அக்குழுவினரைப் பற்றிய விசாரணைக்கு உதவிய ஒரு முஸ்லிமே. தாக்குதலுக்கு ஐந்து நாட்களின் பின் சாய்ந்தமருதில் பதுங்கியிருந்தவர்களைப் பற்றி அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தவர்களும் அவ்வூர் முஸ்லிம்களே. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, தாக்குதல் நடத்தியவர்களின் உடல்களை முஸ்லிம் மையவாடிகளில் ஏற்பதில்லை என்று அறிவித்தது.

மார்க்கச் சட்டத்தில் இக்குற்றத்துக்கு ஒரு பெயர் உண்டு. மக்களை அச்சுறுத்திப் பூமியில் குழப்பம் விளைவிப்பதை நம் இமாம்கள் 'ஹிராபா' என்பர். ஸூரத்துல் மாயிதா அதற்குக் கடுமையான தண்டனையை விதிக்கிறது. பிடிபடுவதற்கு முன் குற்றவாளி தவ்பா செய்துவிட்டால் அந்தத் தண்டனை நீங்கலாம். எனினும் அவன் சிந்திய இரத்தத்துக்கும் பறித்த பொருளுக்கும் உரியவர்களின் உரிமை நீங்காது என்று ஃபுகஹாக்கள் கூறுகின்றனர். அதாவது அல்லாஹ்வின் உரிமையை அவன் மன்னிக்கலாம். மனிதனின் உரிமை மனிதனிடம் தீர்க்கப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவரின் கோரிக்கை கொன்றவனோடு சேர்ந்து மண்ணுக்குள் போய்விடுவதில்லை.

அப்படியாயின், அதை யாரிடம் கேட்பது?

கைபரில் கிடந்த ஜனாஸா

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை இமாம் புகாரியும் இமாம் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். அன்சாரிகளுள் ஒருவரான அப்துல்லாஹ் பின் ஸஹ்ல் (ரலி) அவர்கள், உறவினரான முஹய்யிஸா (ரலி) அவர்களுடன் கைபருக்குச் சென்றார்கள். அது யூதர்களோடு சமாதான உடன்பாடு நிலவிய காலம். இருவரும் வேறு வேறு வழியில் பிரிந்து சென்ற சிறிது நேரத்தில் அப்துல்லாஹ் கொலையுண்டு கிடந்தார்கள். கொன்றவர் யாரென்று எவரும் பார்க்கவில்லை.

குடும்பத்தினர் மதீனாவுக்கு வந்து முறையிட்டனர். அவர்களின் சந்தேகம் கைபர் யூதர்கள் மீது இருந்தது. 'உங்களில் ஐம்பது பேர் சத்தியம் செய்து குற்றவாளியை அடையாளம் காட்டுவீர்களா?' என்று நபியவர்கள் கேட்டார்கள். 'நாங்கள் கண்ணால் காணவில்லையே, எப்படிச் சத்தியம் செய்வோம்?' என்றனர் அவர்கள். 'அப்படியாயின் அவர்கள் ஐம்பது பேர் சத்தியம் செய்து தம்மை விடுவித்துக்கொள்வார்கள்' என்றார்கள் நபியவர்கள். அதைக் குடும்பத்தினர் ஏற்கவில்லை. வழக்கு அங்கேயே நின்றுபோனது.

அடுத்து நடந்ததைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். கொல்லப்பட்டவர் ஒரு முஸ்லிம். கொலை நடந்த இடம் வேற்றுச் சமயத்தாரின் ஊர். அதிகாரம் முழுவதும் நபியவர்களின் கையில். ஆயினும் சந்தேகத்தின் பெயரால் கைபர் மக்கள் மீது ஒரு விரலும் நீளவில்லை. அந்த இரத்தம் கேட்பாரற்றுப் போகவும் விடப்படவில்லை. நூறு ஒட்டகங்களை நபியவர்கள் தம் பொறுப்பிலிருந்து அக்குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். இதை அறிவிக்கும் ஸஹ்ல் பின் அபீ ஹஸ்மா (ரலி) அவர்கள், அந்த ஒட்டகங்களுள் ஒன்று தம்மை உதைத்ததையும் நினைவுகூர்கின்றார்கள். ஒட்டகங்கள் வாக்குறுதியாக நின்றுவிடாமல் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்த ஒரே தீர்ப்பில் இரண்டு நீதிகள் பிணைந்துள்ளன. எந்த இரத்தமும் வீணாகக் கூடாது என்பது ஒன்று. ஆதாரமின்றி எந்தச் சமூகமும் தண்டிக்கப்படக் கூடாது என்பது மற்றொன்று. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிப்பவர் இந்த ஸுன்னாவின் பாதியை மட்டுமே பிடித்தவராவார்.

அறக்கொடையா, கடனா?

தாக்குதலை அடுத்து அன்றைய அரசாங்கம் உயிரிழந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபா வழங்கத் தீர்மானித்தது. அத்தகைய உதவிகளை வழங்கும் பொறுப்பு, 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இழப்பீட்டுக்கான அலுவலகத்திடம் இருந்தது. அதற்கு முன் 1987 முதல், ஆட்கள், ஆதனங்கள், கைத்தொழில்களுக்கான புனர்வாழ்வு அதிகாரசபை இப்பணியைச் செய்து வந்தது.

ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் கேட்டது நிவாரணம் மாத்திரம் அன்று. 'எங்கள் பிள்ளைகளைக் காத்திருக்க முடியுமா, முடியாதா?' என்பதே அவர்களின் கேள்வி. முடியும் என்பதற்கு ஆதாரம் இருந்தது. தாக்குதலுக்கு 17 நாட்களுக்கு முன், ஏப்ரல் 4ஆம் திகதியே, இந்தியப் புலனாய்வுத் தரப்பு இலங்கை அரச புலனாய்வுச் சேவைக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தது. தாக்கவிருந்தவனின் பெயரும், தேவாலயங்கள் இலக்காகலாம் என்பதும் அதில் இருந்தன. அந்தத் தகவல் மேசைக்கு மேசை நகர்ந்தது. தேவாலயத்தின் வாசலுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

பிள்ளைகளை இழந்த பெற்றோர், கத்தோலிக்க மதகுருமார், இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கம் உள்ளிட்டோர் 12 அடிப்படை உரிமை மீறல் மனுக்களைத் தாக்கல் செய்தனர். 2023 ஜனவரி 12ஆம் திகதி, நாட்டின் அதியுயர் நீதிபீடமான உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. சட்டத்தின் முன் சமத்துவம், தம் சமயத்தை வழிபாட்டின் மூலம் வெளிப்படுத்தும் சுதந்திரம் ஆகிய இரண்டும் மீறப்பட்டன என்று அது கண்டது.

நட்டஈடு செலுத்துமாறு பணிக்கப்பட்டவர்களின் பட்டியலைப் பாருங்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா. முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தர ஏழரைக் கோடி. அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தன ஏழரைக் கோடி. முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி. தேசிய புலனாய்வின் முன்னாள் தலைமை அதிகாரி சிசிர மெண்டிஸ் ஒரு கோடி. இவை யாவும் அவர்களின் சொந்தப் பணத்திலிருந்து தரப்பட வேண்டும். அரசு தன் பங்குக்கு 10 இலட்சம். மொத்தம் 31 கோடியே 10 இலட்சம் ரூபா. இத்தொகை இழப்பீட்டுக்கான அலுவலகத்தின் கீழ் அமையும் நிதியத்தில் சேர்க்கப்பட்டுப் பாதிக்கப்பட்டோருக்குப் பகிரப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் கட்டளையிட்டது. முன்னாள் ஜனாதிபதி தம் தொகையைத் தவணைகளாகச் செலுத்தி 2024இல் நிறைவு செய்தார்.

இத்தீர்ப்புக்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், 2022 பெப்ரவரியில், பொலிஸ் மா அதிபரும் பாதுகாப்புச் செயலாளரும் குற்றவியல் வழக்கில் விடுவிக்கப்பட்டிருந்தனர். குற்றவியல் வழக்கில் விடுதலையானவர் உரிமை மீறல் வழக்கில் எப்படிப் பொறுப்பாளியாவார் என்று சிலர் வியந்தனர். மத்ரஸா மாணவருக்கு இதில் வியப்பில்லை. கிஸாஸ் வேறு, தியத் வேறு. தண்டிக்கும் அளவுக்குக் குற்றம் நிரூபணமாகாத இடத்திலும், காக்க வேண்டிய கடமை இருந்தவர் காக்கத் தவறினால் பொறுப்பு அவரை விட்டு அகலாது. ஒவ்வொருவரும் மேய்ப்பரே, ஒவ்வொருவரும் தம் மந்தையைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்பது நாம் மிம்பரில் நின்று அடிக்கடி நினைவூட்டும் நபிமொழியின் கருத்து. அந்த விசாரணையின் ஒரு சிறு பகுதியை அன்று கொழும்பில் நம் கண்முன் கண்டோம்.

இத்தீர்ப்பு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே: பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு கொடுக்கும் பணம் ஸதகா அன்று, அது கடன். ஸதகாவைக் கொடுப்பவர் தம் விருப்பப்படி கொடுப்பார். பெறுபவர் நன்றி சொல்லி வாங்குவார். கடனைக் கேட்பவர் தலைநிமிர்ந்து கேட்பார். கொடுப்பவரே தாமதத்துக்கு வெட்கப்பட வேண்டும்.

மே மாதத்து நெருப்பு

தாக்குதல் நடந்து மூன்று வாரங்களின் பின், ரமழான் மாதத்தில், மே 12 முதல் 14 வரை குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களின் பல ஊர்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. குளியாப்பிட்டிய, ஹெட்டிபொல, மினுவாங்கொடை ஆகிய பெயர்களை நம் குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை. புத்தளம் மாவட்டத்தில் முஸ்லிம் ஒருவர் கொல்லப்பட்டார். ஊரடங்கு அமுலில் இருந்தபோதே தீ வைக்கப்பட்டதாகப் பாதிக்கப்பட்டோர் முறையிட்டனர்.

இதைப் போன்ற ஒரு கட்டம் ஸீராவிலும் வருகிறது. ஹிஜ்ரி 4ஆம் ஆண்டில், குர்ஆனைக் கற்பிக்க அழைக்கப்பட்டுச் சென்ற எழுபது காரிகள் பிஃரு மஊனாவில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டனர். அதற்குத் தலைமை தாங்கியவன் ஆமிர் பின் துஃபைல். அவன் பனூ ஆமிர் குலத்தவன். அப்படுகொலையில் உயிர் தப்பிய அம்ர் பின் உமைய்யா (ரலி) அவர்கள் மதீனாவுக்குத் திரும்பும் வழியில் அதே குலத்தைச் சேர்ந்த இருவரைக் கண்டார்கள். தோழர்களின் இரத்தம் மனத்தில் கொதித்திருக்க, அவ்விருவரையும் கொன்றுவிட்டார்கள். அந்த இருவருக்கும் நபியவர்கள் பாதுகாப்பு வாக்குறுதி அளித்திருந்தது அம்ருக்குத் தெரியாது.

எழுபது தோழர்களை இழந்த துயரில் நபியவர்கள் ஒரு மாத காலம் தொழுகையில் குனூத் ஓதிய நாட்கள் அவை. அந்தத் துயரத்தின் நடுவிலும், கொலையாளியின் குலத்தவர் என்ற காரணத்துக்காக மட்டும் கொல்லப்பட்ட அந்த இருவருக்கும் உரிய தியத்தைத் தாமே கொடுப்பதாக நபியவர்கள் ஏற்றார்கள். அதற்கான பங்களிப்பைத் திரட்டவே பனூ நழீர் கூட்டத்தாரிடம் சென்றார்கள்.

அம்ருடைய கோபம் மனித இயல்புக்கு உட்பட்டது. ஆனால் கோபத்துக்குக் காரணம் இருந்தது என்பதால் இரத்தத்தின் கடன் இல்லாமல் போய்விடவில்லை. கட்டுவாப்பிட்டியவின் துயரம் மினுவாங்கொடையின் நெருப்பை நியாயமாக்காது. அதுபோலவே, மினுவாங்கொடையின் நெருப்பைச் சொல்லிக் கட்டுவாப்பிட்டியவின் துயரத்தைக் குறைத்துப் பேசும் நாவு நம்மிடம் இருந்தால் அதையும் நாம் அடக்க வேண்டும்.

மொழி தெரியாதவரின் தீர்ப்பு

பயங்கரவாதத்தைத் தடுப்பது அரசின் கடமை. இதில் நமக்கு ஐயமில்லை. பசிக்கு உணவளித்ததையும் அச்சத்திலிருந்து அபயமளித்ததையும் அல்லாஹ் தன் அருட்கொடைகளாக ஸூரத்து குறைஷில் ஒன்றாக வைத்துச் சொல்கிறான். எனவே அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டபோது நம் மக்கள் ஒத்துழைத்தனர். முகத்திரைக்குத் தடை வந்தபோது நம் தாய்மார் பலர் மனம் வருந்தினாலும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டனர்.

எனினும் சட்டத்தின் வலை யார் மீதெல்லாம் வீசப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்று ஆண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்ட தற்காலிகச் சட்டம். 1982இல் அது நிரந்தரமானது. அமைச்சரின் உத்தரவின் பேரில் வழக்குத் தொடராமல் 18 மாதங்கள் வரை ஒருவரைத் தடுத்து வைக்க அது இடமளித்தது; 2022இல் அக்காலம் 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் உள்ளவரிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக்கவும் அது வழி செய்கிறது. நல்லெண்ணத்தோடு செய்ததாகக் கருதப்படும் செயலுக்காக அதிகாரி மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது அதன் 26ஆம் பிரிவு. நாற்பது ஆண்டுகளாகத் தமிழ் இளைஞர்கள் சுமந்த இச்சட்டத்தின் பாரம் 2019இன் பின் நம் வீடுகளுக்கும் வந்தது. தாக்குதலை அடுத்த மாதங்களில் இச்சட்டத்தின் கீழும் வேறு சட்டங்களின் கீழும் 2000க்கும் மேற்பட்டோர் கைதாகினர். அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

ஹஸலகையில் ஒரு பெண், தம் ஆடையில் அச்சிடப்பட்டிருந்த கப்பல் சக்கரம் தர்மச்சக்கரமாகத் தோன்றியதால் கைது செய்யப்பட்டார். குருநாகலில் ஒரு மருத்துவர், சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற பழியின் பேரில் தடுத்து வைக்கப்பட்டார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் தெரிவித்தது. மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலை எழுதியவர். அது தீவிரவாதத்தைத் தூண்டுவதாகக் குற்றஞ்சாட்டி 2020 மே மாதம் அவரைக் கைது செய்தனர். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அதில் உள்ளன என்பதைத் தமிழறிந்தோர் எடுத்துக்காட்டினர். 19 மாதங்களின் பின் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

அஹ்னாபின் வழக்கைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது பனூ ஜதீமாவின் நிகழ்ச்சி. மக்கா வெற்றிக்குப் பின், ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் தலைமையில் ஒரு படை அக்குலத்தாரிடம் அனுப்பப்பட்டது. 'நாங்கள் இஸ்லாத்தை ஏற்றோம்' என்று செம்மையாகச் சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை. 'ஸபஃனா' என்றார்கள். 'மதம் மாறினோம்' என்பது அதன் பொருள். அச்சொல்லை மறுப்பாக விளங்கிக்கொண்ட காலித் அவர்கள் சிலரைக் கொன்றார்கள், சிலரைச் சிறைப்பிடித்தார்கள். சிறைப்பட்டவர்களைக் கொல்லுமாறு கட்டளை வந்தபோது இப்னு உமர் (ரலி) அவர்கள் அதற்கு இணங்க மறுத்துவிட்டார்கள்.

செய்தி வந்தபோது நபியவர்கள் தம் இரு கைகளையும் உயர்த்தி, காலித் செய்ததற்கும் தமக்கும் தொடர்பில்லை என்று அல்லாஹ்விடம் இரு முறை முறையிட்டார்கள். பின்னர் அலி (ரலி) அவர்களிடம் பொருளைக் கொடுத்து அக்குலத்தாரிடம் அனுப்பினார்கள். அலி அவர்கள் கொல்லப்பட்டவர்களுக்கும் சேதமான பொருள்களுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள்; நாய் தண்ணீர் குடிக்கும் பாத்திரத்துக்கும்கூட விலை கொடுத்தார்கள் என்று ஸீரா ஆசிரியர்கள் எழுதுகின்றனர். எல்லாம் கொடுத்தபின் மீதமிருந்த பணத்தையும், இருதரப்பும் அறியாமல் விடுபட்டிருக்கக் கூடிய இழப்புகளுக்காக அவர்களிடமே விட்டு வந்தார்கள். அதைக் கேட்டு நபியவர்கள் மகிழ்ந்தார்கள்.

படைத்தளபதியின் உயர்வு நமக்குத் தெரியும். அவர் வேண்டுமென்றே அநீதி செய்தார் என்று நாம் சொல்வதில்லை. ஆயினும் நல்லெண்ணம் இருந்தது என்பதால் நட்டஈடு இல்லை என்று நபியவர்களின் அரசு சொல்லவில்லை. பாதுகாப்பின் பெயரால் தவறு நிகழ்ந்தால் முதலில் பகிரங்கமான மறுப்பு, அடுத்து நாயின் பாத்திரம் வரையிலான கணக்கு. இதுவே அந்த அரசின் வழி.

நம் நாட்டில் இவ்வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. ஹஸலகைப் பெண்ணின் கைது அவருடைய உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் பின்னர் தீர்த்து, நட்டஈட்டுக்கும் கட்டளையிட்டது. குருநாகல் மருத்துவருக்கு 2022இல் நிலுவைச் சம்பளம் கிடைத்தது. நாடு மருந்தின்றித் தவித்த அந்நாட்களில், அவர் அத்தொகையை அத்தியாவசிய மருந்துகள் வாங்கவே அன்பளிப்புச் செய்தார். தன் கடனைப் பெற்றுக்கொண்டபின் அதை ஸதகாவாக்கும் உரிமை பெற்றவருக்கே உரியது. கொடுக்க வேண்டியவருக்கு அந்த உரிமை இல்லை.

நம் சொந்தக் கணக்கு

பயங்கரவாதம் நமக்குப் புத்தகத்தில் படித்த செய்தியன்று. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் இரண்டு பள்ளிவாசல்களில் சுட்டுக் கொல்லப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஸுஜூதிலும் ருகூஇலும் வீழ்ந்தனர். விடுதலைப் புலிகளே இதைச் செய்தனர் என்று தப்பியவர்கள் சாட்சி கூறினர். அவ்வியக்கம் அதை மறுத்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு புத்தளத்துக்கு வந்த முதியவர்களை நம்மில் பலர் அறிவோம்.

தொழுகையில் நின்றவர்களைக் கொல்வது என்னவென்று காத்தான்குடிக்குத் தெரிந்திருந்தது. அந்த ஊரில் வளர்ந்த ஒருவனே, 29 ஆண்டுகளின் பின், வழிபாட்டில் நின்ற வேறு மக்களைக் கொல்லத் திட்டம் தீட்டினான். சீயோன் தேவாலயம் காத்தான்குடியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது. இதைவிடப் பெரிய துயரத்தை நான் நம் சமூகத்தின் வரலாற்றில் படித்ததில்லை. ஏதோ ஓரிடத்தில் நம் மிம்பர்களும் மத்ரஸாக்களும், என்னைப் போன்ற ஆசிரியர்களும், பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தவறியிருக்கிறோம். ஒருவரின் பாவச்சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆனின் கொள்கை. எனவே இது குற்றத்தை ஏற்பது அன்று. ஆனால் குற்றம் இல்லாதவருக்கும் கடமை உண்டு.

அந்தக் கடமையை மூன்றாகச் சொல்வேன்.

முதலாவது, பாதிக்கப்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்கள் நீதியும் முழுமையான நட்டஈடும் கேட்கும்போது, அக்கோரிக்கையை நம் கோரிக்கையாகவே நாம் பேச வேண்டும். 'எங்களுக்கும் 1990 நடந்தது' என்று அவர்களின் பேச்சை இடைமறிக்கக் கூடாது. 1990ஐ அறிந்தவர்கள் என்பதாலேயே அவர்களின் வலி நமக்கு முதலில் விளங்க வேண்டும்.

இரண்டாவது, நம் உரிமையைச் சட்டத்தின் வழியே உரிய காலத்தில் கேட்க வேண்டும். அடிப்படை உரிமை மீறல் மனுவை, மீறல் நடந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இது தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் அழுதுகொண்டே நாட்களைக் கடத்திவிட்டன. ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் இதை அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நம் பிள்ளைகள் எழுப்பும் கேள்விகளை ஒரே சொல்லில் அடக்கிவிடக் கூடாது. நான் அன்று செய்த தவறு அதுவே. வகுப்பில் பதில் கிடைக்காத கேள்வி வேறிடத்தில் பதில் தேடும். அந்த இடத்தில் யார் காத்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அந்த மாணவரை வகுப்பில் எழுப்பி, அவர் கேட்டதை மீண்டும் கேட்கச் சொன்னேன். கைபரையும், பிஃரு மஊனாவையும், பனூ ஜதீமாவையும் சொன்னேன். பின்னர் கட்டுவாப்பிட்டியவின் பெயரை வெளிப்படையாகச் சொன்னேன். வகுப்பு இம்முறை தலைகுனியவில்லை. சற்று நேரம் கழித்து அவரே கேட்டார்: "உஸ்தாத், அந்த நூறு ஒட்டகங்களும் போய்ச் சேர்ந்துவிட்டனவா?"

கைபரில் போய்ச் சேர்ந்தன என்றேன். நம் நாட்டில் இன்னும் வழியில்தான் இருக்கின்றன.

யா அல்லாஹ், அநியாயமாகக் கொல்லப்பட்டோரின் குடும்பங்களுக்கு ஆறுதல் அளிப்பாயாக. குற்றமின்றித் தடுத்து வைக்கப்பட்டோரின் கண்ணியத்தை மீட்டுத் தருவாயாக. எங்கள் பிள்ளைகளை எவருடைய இரத்தத்தையும் சிந்தாதவர்களாகவும், எவருடைய இரத்தமும் வீணாகும்போது மௌனமாயிராதவர்களாகவும் ஆக்குவாயாக. ஆமீன்.